மெம்பிரேனை விட்டு மெக்கானிக்கல் கீபோர்டு: தமிழ்99-இல் "மகள்" அடித்தால் "மக்கள்" விழுகிறது

தக்கலை டிடிபி

எல்லாருக்கும் வணக்கம். பத்திரம், பாகப்பிரிவினை, மனு டைப் செய்கிற வேலை. தினம் ஆறேழு மணி நேரம் தமிழ்99 விசைப்பலகை அமைப்பில்தான் ஓடும். இதுவரை சாதாரண மெம்பிரேன் கீபோர்டு. பத்து நாளாக, ஒவ்வொரு கீக்கும் தனிச் சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல்: 87 கீ, ரெட் சுவிட்ச், சுவிட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட் ஸ்வாப் வகை. வேகம் கூடும் என்றுதான் மாறியது. ஆனால் இப்போது பிழை திருத்தவே நேரம் போகிறது.

ஒரு தடவை அடித்த மெய் இரண்டாக விழுந்து ஒற்று சேர்ந்துவிடுகிறது. "மகள்" என்பது "மக்கள்" ஆகிறது, "ஓடு" என்பது "ஓட்டு" ஆகிறது. இரண்டுமே சரியான சொல்லாகிவிடுவதால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடுவதில்லை. "இன்னாரின் மகள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மக்கள்" என்று பத்திரத்தில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நேர் எதிராகவும் நடக்கிறது. "பட்டா" அடித்தால் "படா" என்று வருகிறது. சில இடத்தில் கேட்காத புள்ளி ஒன்று நடுவில் வந்து உட்காருகிறது.

போதாததற்கு இரண்டு கையிலும் மணிக்கட்டின் மேல்பக்கம் வலி. நம்பர்பேட் இல்லாததால் சர்வே எண், சென்ட் கணக்கு அடிப்பதும் மந்தமாகிவிட்டது.

இது கீபோர்டின் பழுதா, கைப்பழக்கமா? சுவிட்சை மாற்றினால் தீருமா, பழைய மெம்பிரேனுக்கே திரும்பிவிடலாமா?

---

கோட்டாறு சர்வீஸ்

திரும்ப வேண்டாம். நீங்கள் சொன்னது பார்க்க ஒரே கோளாறு மாதிரி இருந்தாலும் அதில் நாலு தனித்தனிக் காரணம் இருக்கிறது. கலந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

முதலில் தமிழ்99-இன் குணம். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால் முன்னதற்குத் தானாகப் புள்ளி விழும். க, க என்றால் "க்க". பழைய தட்டச்சு அமைப்பில் புள்ளியைத் தனியாக அடிக்க வேண்டும் என்பதால், சுவிட்ச் தவறி இரண்டு தடவை பதிந்தால் "மககள்" என்று அசிங்கமாக விழுந்து கண்ணில் குத்தும். தமிழ்99 அதை அழகாக "மக்கள்" ஆக்கி ஒளித்துவிடும். ஆங்கிலம் அடிக்கிறவர்களுக்குச் சின்னத் தொல்லையாகத் தெரிகிற கோளாறு நமக்குப் பொருளையே மாற்றுவது இதனால்தான். இணையத்தில் ஆங்கிலத் தட்டச்சுக்கு என்று எழுதியிருக்கிற "எந்தச் சுவிட்ச் நல்லது" பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இனி, பழுதா பழக்கமா என்று பிரிக்கிற வழி. மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி நோட்பேடைத் திறங்கள். சந்தேகப்படுகிற ஒரு கீயை மட்டும், ஒவ்வொரு முறையும் விரலை முழுசாக மேலே எடுத்து, நிதானமாக 50 தடவை அழுத்துங்கள். கீழ்ப்பட்டையில் கர்சர் நிற்கும் இட எண் 51 என்று காட்ட வேண்டும். கர்சர் எப்போதும் அடுத்த இடத்தில் நிற்கும் என்பதால் ஒன்று கூடுதல். 51-க்கு மேல் போனால் அந்தச் சுவிட்சுக்குள் தொடுமுனை துள்ளுகிறது, அதாவது சாட்டரிங். க, ட, த, ப, ம ஐந்தையும் இப்படிப் பாருங்கள். எல்லாம் 51-இல் நின்றால் கீபோர்டு சுத்தம், கை பழகவில்லை என்று அர்த்தம்.

சாட்டரிங் ஏன் வருகிறது? மெக்கானிக்கல் சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் தகடு ஒன்றையொன்று தொடுகிறது. தொட்ட கணத்தில் அது சில மில்லிவினாடி அதிரும். அந்த அதிர்வை ஒரே அழுத்தமாக எடுத்துக்கொள்ளும்படி கீபோர்டின் ஃபர்ம்வேர், அதாவது அதற்குள் ஓடுகிற மென்பொருள், சிறிது நேரம் காத்திருக்கும். கியூ.எம்.கே. என்கிற திறந்த மூல ஃபர்ம்வேரில் இது இயல்பாக 5 மில்லிவினாடி. தகட்டில் தூசியோ உப்போ படிந்தால், அல்லது சுவிட்சின் கால் சாக்கெட்டில் சரியாக உட்காராமல் இருந்தால், அதிர்வு அந்த நேரத்தையும் தாண்டி நீளும். அப்போதுதான் இரண்டாகப் பதியும்.

அடுத்தது, பழக்கத்தால் வருகிற இரட்டிப்பு. மெம்பிரேனில் கீக்கு அடியில் ரப்பர் குமிழ். அது முதலில் எதிர்க்கும், பிறகு சட்டென்று மடங்கும், எழுத்து ஏறக்குறைய அடிமட்டத்தில்தான் பதியும். இத்தனை வருஷமாக உங்கள் விரல் கற்றுவைத்த பாடம் "அடிவரை குத்தினால்தான் எழுத்து". ரெட் சுவிட்சில் மடங்குகிற உணர்வே கிடையாது. செர்ரி கம்பெனியின் எம்.எக்ஸ். ரெட் என்றால் 2.0 மி.மீ. இறங்கியதும் பதிந்துவிடும், மொத்த இறக்கம் 4.0 மி.மீ., தேவையான விசை 45 சென்டிநியூட்டன். ஏறக்குறைய 45 கிராம் எடை என்று வைத்துக்கொள்ளலாம். விரல் பழைய பலத்தில் அடியைக் குத்தி, பிறகு சோம்பலாகப் பாதி மட்டும் எழும். ரெட்டில் பதிகிற இடமும் விடுபடுகிற இடமும் கிட்டத்தட்ட ஒன்றே. பாதியில் எழுந்து நிற்கிற விரல் சிறிது நடுங்கினாலும் அந்தக் கோட்டைக் கடந்து மறுபடி இறங்கிவிடும். இன்னொரு க வந்து "மக்கள்".

"பட்டா" "படா" ஆவதும் அதே சோம்பலின் மறுபக்கம். இரண்டாவது ட-வுக்கு விரல் விடுபடும் கோட்டுக்கு மேலேயே வரவில்லை. ஆகவே இரண்டாவது அழுத்தம் நடந்ததாகவே கீபோர்டுக்குத் தெரியாது. தமிழ்99-இல் ட, த இரண்டும் வலது மோதிர விரலுக்கு. ட்ட, த்த இரண்டும் தமிழில் எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும். தனியாகத் தூக்குவதற்கு அந்த விரல் மற்றதைவிடப் பலவீனம். இந்த இரண்டு எழுத்தில்தான் அதிகம் பிழை வருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

கேட்காத புள்ளிக்கு வேறு காரணம். புள்ளி இருப்பது இடது ஆள்காட்டி விரல் ஓய்வாக இருக்கிற கீயில், மேட்டுக்கோடு உள்ள அந்த இடத்திலேயே. மெம்பிரேனில் விரலின் எடையை முழுசாக வைத்துக்கொண்டு யோசிக்கலாம், குமிழ் தாங்கும். 45 கிராம் சுவிட்ச் தாங்காது. வலது கை வேலை செய்கிறபோது இடது விரல் கனமாக உட்கார்ந்தால் புள்ளி விழத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஒரு வசதி உண்டு, அடுத்தடுத்த அழுத்தங்களைப் புறக்கணிக்கும். இரட்டிப்புக்கு அதைப் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். அமைப்பில் காட்டுகிற மிகக் குறைந்த நேரமே அரை வினாடி. உங்களுக்கு வேண்டிய "க்க", "ட்ட" எல்லாம் அதோடு போய்விடும்.

50 எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

---

மார்த்தாண்டம் தட்டச்சு

அக்கா, சுவிட்சுக்கு முன்னால மேசையைப் பாருங்க. மணிக்கட்டின் மேல்பக்கம் வலிக்குதுன்னா கை பின்பக்கமா மடங்கி நிக்குதுன்னு அர்த்தம். மெக்கானிக்கல் கீபோர்டோட முன்விளிம்பே ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும், மெம்பிரேன் அதுல பாதிதான். அதுக்கு மேல பின்பக்கக் காலையும் விரிச்சு வெச்சிருந்தா மணிக்கட்டு எப்பவும் வளைஞ்சே நிக்கும்.

பின்கால் ரெண்டையும் இப்பவே மடக்குங்க. அப்புறம் நாற்காலியை ஏத்துங்க. முழங்கை நடுவரிசைக் கீயின் மட்டத்துல, இல்லேன்னா ஒரு விரல்கடை மேல இருக்கணும். பழைய மர மேசை 30 அங்குல உயரம் இருக்கும், அது டைப்பிங்குக்கு உயரம் கூடுதல். நாற்காலியை ஏத்துனதும் கால் தரையில படலேன்னா அடியில பலகை போட்டுக்கிடுங்க. கால் தொங்குனா தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போகும், உடனே முன்னால சாஞ்சு உக்காருவீங்க, மறுபடி மணிக்கட்டுதான் வளையும்.

மணிக்கட்டுத் தாங்கி வாங்குறதா இருந்தா கீபோர்டின் முன்விளிம்பு உயரத்துக்கே பாருங்க, அதைவிட உயரம் வேண்டாம். அதுல உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்கிறது டைப்பிங்கை நிறுத்துற நேரத்துல மட்டும். அடிக்கிறப்ப கை மிதக்கணும். தாங்கியில ஊன்றிக்கிட்டே ச-வுக்கும் ஞ-வுக்கும் சுண்டுவிரலை நீட்டுனா வலி இடம் மாறுமே தவிர போகாது. ரெண்டு வாரத்துல குறையாம விரல் மரத்துப்போறது, ராத்திரி வலிச்சு முழிக்கிறதுன்னு வந்தா கீபோர்டு பேச்சை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க.

நம்பர்பேடுக்குத் தனியா யு.எஸ்.பி. நம்பர்பேட் கிடைக்கும். வலதுபக்கம் வைக்காம இடதுபக்கம் வையுங்க. மவுஸ் வலது கைக்குப் பக்கத்துலயே நிக்கும், தோள் அகலாது. மெக்கானிக்கல்ல ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுமையத்திலேர்ந்து நடுமையம் 19.05 மி.மீ. நம்பர்பேட் நாலு வரிசைக்கே ஏழரை செ.மீ. மேல போகுது. அவ்வளவு தூரத்தை மவுஸுக்காக நாள் முழுக்கத் தாண்டாம இருக்கிறதுதான் 87 கீயோட பெரிய லாபம். இடது கையில நம்பர் அடிக்க முதல்ல சிரமமாத்தான் இருக்கும், பழகிடும்.

இனி கைப்பழக்கம். வேலையிலேயே பழகிக்கிடலாம்னு நினைக்காதீங்க. அவசரத்துல பழைய குத்துதான் வரும். காலையில வேலை தொடங்குறதுக்கு முன்னால 15 நிமிஷம், மதியம் 10 நிமிஷம், இது போதும். முதல் மூணு நாள் வேகத்தை மறந்துடுங்க. பாதி வேகத்துல, ஒவ்வொரு எழுத்துக்கும் விரலைக் கீயின் மேல்பரப்பு வரைக்கும் எடுத்துப் பைய அடிங்க. கீக்கு மேல உயரமாத் தூக்கவும் வேண்டாம், பரப்பைத் தொட்டுக்கிட்டே நின்னாப் போதும்.

பயிற்சிக்கு ரெண்டு வகைச் சொல் வேணும். ஒண்ணு, ஒற்றை-இரட்டை ஜோடி: மகள் மக்கள், படு பட்டு, பாடு பாட்டு, குடி குட்டி, எடு எட்டு, கலை கல்லை, வடம் வட்டம். ஜோடியை மாத்தி மாத்தி 20 தடவை. பிழை வந்தா அழிச்சுத் திருத்தாதீங்க, அப்படியே விட்டு வரியை முடிச்சுட்டு எண்ணுங்க. அழிக்கிற பழக்கம் வந்தா எந்த விரல் தப்பு செய்யுதுன்னே தெரியாது.

ரெண்டாவது, ஊர்ப்பெயர். நம்ம மாவட்டத்துக்கு இதுல குறையே இல்ல. வட்டக்கோட்டை ஒரு சொல் போதும்: வ, ட, ட, க, க, ஓ, ட, ட, ஐ. ஒன்பது அழுத்தத்துல மூணு இரட்டை, அதுல ரெண்டு மோதிர விரலுக்கு. பேச்சிப்பாறையில ச்ச சுண்டுவிரலுக்கு, ப்ப ஆள்காட்டிக்கு. குழித்துறையில ழ-வுக்குச் சுண்டுவிரல் கீழ்வரிசைக்கு இறங்கி, உடனே த்த-வுக்கு மோதிர விரல் வரணும். கிள்ளியூர்ல ள்ள, அதுக்கு ஆள்காட்டி மேல்வரிசைக்கு எட்டணும். திற்பரப்புல முதல் புள்ளி நீங்களே அடிக்கிறது, ரெண்டாவது தானா விழுறது. இந்த ரெண்டு வகைப் புள்ளியும் ஒரே சொல்லுல வர்றதாலே அது நல்ல பயிற்சி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர்னு ஆறு வட்டத்தையும் ஒருக்கா ஓட்டுனா பத்திரத்துல தினம் வர்ற சொல்லும் கைக்கு வந்துடும்.

மெஷின்ல டைப் படிச்ச கைன்னா குத்து இன்னும் பலமா இருக்கும். அப்படின்னா ஓ-ரிங்குன்னு ரப்பர் வளையம் வாங்கி ஒவ்வொரு கீகேப்பின் (கீயோட மேல்மூடி) அடித்தண்டிலும் மாட்டுங்க. அடி மோதுறது மெத்துன்னு ஆகும், இறக்கமும் கொஞ்சம் குறையும், சத்தமும் குறையும். தொடுற உணர்வு மெம்பிரேன் பக்கமாப் போகும். சிலருக்கு அது பிடிக்காது. ஆனா மாறுகிற முதல் மாசத்துக்கு நல்ல பாலம் அது.

---

குளச்சல் கடலோரம்

ஒரு விஷயம் மட்டும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மெம்பிரேனைவிட மெக்கானிக்கலுக்குக் கவனிப்பு அதிகம் தேவை. மெம்பிரேனில் மின்தடம் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே மூடிக் கிடக்கும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு சுவிட்சும் மேலே திறந்த கூடு. உப்புக்காற்று உள்ளே போகும். முதலில் துரு ஏறுவது ஸ்பேஸ்பார், ஷிஃப்ட், என்டர் போன்ற நீளக் கீகளின் அடியில் இருக்கிற ஸ்டெபிலைசர் கம்பி. அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் மின்கடத்தாத கிரீஸ் ஒரு பூச்சு போட்டால் துருவும் வராது, கடகட சத்தமும் நிற்கும்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கி துலாமழை (வடகிழக்குப் பருவமழை) முடிகிறவரை ராத்திரி மூடி வையுங்கள், பருத்தித் துணியால். பாலிதீன் உறை போட்டு இறுக்கினால் பகல் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். நாலைந்து நாள் கடை பூட்டினால் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பது நல்லது. நீல மணி வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டால் அது ஈரம் குடித்து முடித்துவிட்டது, மாற்ற வேண்டும்.

தேங்காய் எண்ணெய் கையோடு அடிக்கிறவர்கள் கீகேப் பி.பி.டி. பிளாஸ்டிக்கா என்று பார்த்து வாங்குங்கள். ஏ.பி.எஸ். என்றால் சீக்கிரமே வழவழவென்று பளபளப்பாகி விரல் வழுக்கும். ஆனால் பி.பி.டி.-யின் சொரசொரப்பான பரப்பில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் நிற்காது, ஓரம் பெயர்ந்துகொண்டே வரும். ஸ்டிக்கர் பார்த்து அடிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். மானிட்டருக்குக் கீழே விசைப்பலகைப் படத்தை அச்செடுத்து ஒட்டுவது மேல்.

---

தக்கலை டிடிபி

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தாச்சு. க, த, ப, ம நாலும் 51. ட மட்டும் முதல் முறை 54, இரண்டாம் முறை 53. ஆக, ட-வில் பழுது, க-வில் என் கை. "படா" வருவது அதிகமும் ட-விலும் த-விலும்தான், சொன்னது சரி. பின்கால் மடக்கியதுமே மணிக்கட்டு இறுக்கம் குறைந்திருக்கிறது.

இரண்டு கேள்வி. ட சுவிட்சை நானே மாற்றலாமா, எப்படி? உள்ளே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகும் என்று பக்கத்துக் கடையில் சொல்கிறார்கள். விடலாமா? மாற்றுவதானால் எல்லாவற்றையும் க்ளிக் சத்தம் போடுகிற ப்ளூ சுவிட்சாக மாற்றினால் தட்டும்போது உணர்வு கிடைக்குமே என்றும் யோசனை.

---

கோட்டாறு சர்வீஸ்

எண்ணெய் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயோ, துரு நீக்கும் ஸ்பிரேயோ, தேங்காய் எண்ணெயோ எதுவும் வேண்டாம். மெல்லிய எண்ணெய் தகடுவரை ஓடிப் போய் அங்கே படலமாகும், தூசியைப் பிடித்துக் களிம்பாக்கும், சாட்டரிங் கூடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் ஏ.சி. அறையில் கீயே ஒட்டிக்கொள்ளும். சுவிட்சுக்கு உயவு என்றால் அதற்கான தடித்த கிரீஸ், சுவிட்சைப் பிரித்து, மிக மெல்லிய தூரிகையால், தகட்டில் படாமல் தண்டின் பக்கத் தடங்களில் மட்டும். இப்போது உங்களுக்கு அது தேவையில்லை.

முதலில் ட-வைப் பிடுங்கி மறுபடி மாட்டிப் பாருங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே தீரும். யு.எஸ்.பி. வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கீகேப் புல்லரைக் கீகேப்பின் எதிரெதிர் மூலையில் கொளுவி நேராக மேலே இழுங்கள். பிறகு சுவிட்ச் புல்லர். சுவிட்சின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சின்ன நாக்கு ஒவ்வொன்று இருக்கும், பக்கவாட்டில் இருக்காது. புல்லரின் பல் அந்த இரண்டு நாக்கையும் அழுத்தினால்தான் சட்டம் விடும். ஆட்டி ஆட்டி எடுக்கக் கூடாது. கீழே ஒட்டியிருக்கிற சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்துவிடும், அப்புறம் சால்டரிங் இல்லாமல் சரிசெய்ய முடியாது.

வெளியே வந்ததும் அடியில் இரண்டு செம்புக் காலைப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தால் சின்ன இடுக்கியால் நிமிர்த்துங்கள். கறுத்திருந்தால் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடையுங்கள். சாக்கெட் துளைக்கும் ஒரு சொட்டு விட்டுச் சுவிட்சை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் உள்ளே இருக்கிற படிவம் உரசிப் போகும். பத்து நிமிஷம் உலர விட்டு, இரண்டு காலும் துளைக்கு நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, செங்குத்தாக அழுத்துங்கள். டக்கென்று சட்டத்தில் உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். ஹாட் ஸ்வாப்பில் நடக்கிற தப்புகளில் பெரும்பாலானது இந்த இடத்தில்தான்: சாய்வாக அழுத்துகிறார்கள், கால் மடங்கிச் சுவிட்சின் அடியிலேயே படுத்துவிடுகிறது, கீ செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

மறுபடி 50 எண்ணுங்கள். இன்னும் கூடினால், அதிகம் தொடாத ஒரு கீயின் சுவிட்சை, ஸ்க்ரோல் லாக் மாதிரி, இங்கே கொண்டுவந்து இதை அங்கே மாட்டுங்கள். கோளாறு சுவிட்சோடு போனால் சுவிட்ச் பழுது. இடத்திலேயே நின்றால் சாக்கெட் பழுது. புதுச் சுவிட்ச் வாங்குமுன் இந்தச் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் கீபோர்டு கியூ.எம்.கே. ஏற்கிற வகையாக இருந்தாலோ, கம்பெனி மென்பொருளில் டிபவுன்ஸ் நேரம் (முன்னே சொன்ன அந்தக் காத்திருப்பு) மாற்ற வழி இருந்தாலோ, அதை 5-இலிருந்து 10 அல்லது 15 ஆக்கலாம். உங்கள் ட்ட, க்க அதனால் தப்பாது. சாதாரணத் தட்டச்சில் ஒரே விரல் ஒரே கீயை மறுபடி அடிக்க 100 மில்லிவினாடிக்குக் குறைவாக ஆகாது. 15 அதற்குப் பக்கத்திலேயே வராது. சாட்டரிங் மட்டும் வடிகட்டப்படும். ஆனால் உண்மையிலேயே கெட்டுவருகிற சுவிட்சை இது கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

இனி ப்ளூ. தமிழ்99-க்கு நான் ப்ளூவைச் சொல்லவே மாட்டேன். சத்தத்துக்காக மட்டுமல்ல. ப்ளூவில் க்ளிக் ஓசைக்கென்று தண்டு இரண்டு துண்டாக இருக்கும். பதிகிற இடம் 2.2 மி.மீ.-இல், ஆனால் விடுபடுகிற இடம் அதைவிடக் கணிசமாக மேலே. ஆகவே இரண்டாவது அழுத்தத்துக்கு விரல் நிறைய எழ வேண்டும். ஒற்றெழுத்து இவ்வளவு வருகிற மொழியில் அது சுமை. இப்போது உங்களுக்கு வருகிற "படா" ப்ளூவில் இன்னும் கூடும். 1.2 மி.மீ.-இலேயே பதிகிற ஸ்பீட் சில்வர் வகை நேர் எதிர்: விரல் உரசினாலே எழுத்து, "மக்கள்" பெருகும்.

உங்கள் கைக்கு ஏற்றது ரெட்டைவிடக் கொஞ்சம் கனமான லீனியர், அதாவது இறங்கும்போது மேடு தட்டாத வகை. 50 கிராம் கேட்டரான் யெல்லோ அந்த இடத்தில் உட்காரும். ஓய்வு விரலின் எடையை அது மேலாகத் தாங்கும், புள்ளித் தொல்லை குறையும். விடுபடும் கோடும் ரெட் போலவே பக்கத்தில் இருக்கும், இரட்டை அடிக்கத் தடையில்லை. இன்னும் கனம் வேண்டுமென்றால் செர்ரி பிளாக், 60 சென்டிநியூட்டன். ஆறேழு மணி நேர வேலைக்கு அது விரலைக் களைக்கச் செய்யும் என்பது என் கணிப்பு. உணர்வுதான் முக்கியம் என்றால் பிரவுன், சின்ன மேடு தட்டும், சத்தம் இல்லை.

87-ஐயும் மாற்ற அவசியமில்லை. இடது கையின் நாலு ஓய்வுக் கீ, வலது கையின் நாலு, அதோடு க, ட. பத்து சுவிட்ச் வாங்கி அந்தப் பத்து இடத்தில் போட்டு ஒரு வாரம் பாருங்கள். வாங்கும்போது இரண்டு கவனம். அடியில் பிளாஸ்டிக் கால் கூடுதலாக இரண்டு உள்ள ஐந்து கால் வகை வந்து உங்கள் போர்டில் அதற்குத் துளை இல்லையென்றால் அந்த இரண்டு பிளாஸ்டிக் காலையும் நகவெட்டியால் வெட்டிவிடலாம், பாதகமில்லை. ஆனால் பழைய மலிவுப் போர்டு சிலவற்றில் ஔடெமு சுவிட்சின் மெல்லிய கால் மட்டும் நுழைகிற சாக்கெட் இருக்கும். மற்றக் கம்பெனிச் சுவிட்சை அதில் பலவந்தமாகத் திணித்தால் சாக்கெட் விரிந்து, பிறகு எதுவுமே பிடிக்காது. பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோய்க் காலின் தடிமனை ஒப்பிட்டு வாங்குங்கள்.

---

மார்த்தாண்டம் தட்டச்சு

அக்கா, இந்த ஒரு மாசத்துக்குப் பிரின்ட் குடுக்குறதுக்கு முன்னால கண்டுபிடி வசதியில நாலு சொல்லைத் தேடிப் பாத்துக்கிடுங்க: மக்கள், ஓட்டு, எட்டு, பாட்டு. அதுலயும் எட்டு முக்கியம், தொகையை எழுத்தால எழுதுற இடத்துல வந்துடும். பிழைதிருத்தி கோடு போடாதது இந்த மாதிரிச் சொல்லுலதான். நீங்க அடிக்கடி அடிக்கிற சொல்லுல எது எது இப்படி ஜோடியா இருக்குன்னு ஒரு சீட்டுல குறிச்சு மானிட்டர்ல ஒட்டிக்கிட்டா இன்னும் நல்லது.

வீட்டுலயும் கம்ப்யூட்டர் இருந்து அங்க மெம்பிரேன் இருந்தா முதல் ரெண்டு வாரம் அதுல தமிழ் டைப் செய்யாம இருந்துக்கிடுங்க. ரெண்டையும் மாத்தி மாத்தி அடிச்சா விரல் குழம்பும், பழைய குத்து போகாது.

---

தக்கலை டிடிபி

ட-வைப் பிடுங்கிப் பார்த்ததில் ஒரு கால் லேசாக வளைந்து கறுத்திருந்தது. நிமிர்த்தித் துடைத்து மாட்டியதும் மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன், மூன்றும் 51. ஜோடிப் பயிற்சியிலும் க பிழை பாதியாகக் குறைந்திருக்கிறது. யெல்லோ பத்து சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. "பத்மநாபபுரம்" எவ்வளவு பைய அடித்தாலும் "பத்மநாப்புரம்" என்றே வருகிறது. ப கீயை மறுபடி எண்ணினேன், 51-தான். இந்த ஊர்ப்பெயர் தினம் வரும்.

---

கோட்டாறு சர்வீஸ்

அது சுவிட்சும் இல்லை, கையும் இல்லை. அந்தப் பெயரில் ப-வும் பு-வும் புள்ளி இல்லாமல் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ்99 தன் விதிப்படி முதல் ப-வுக்குப் புள்ளி வைத்துவிடுகிறது. மெம்பிரேனிலும் அப்படித்தான் வந்திருக்கும், அப்போது அழித்துத் திருத்தியது கைக்குத் தெரியாமலே நடந்திருக்கும். நா-வுக்கு அடுத்த ப அடித்ததும் அ-வை ஒருமுறை தட்டுங்கள், தானாகப் புள்ளி விழுவது அங்கே தடுக்கப்படும். ப, த, புள்ளி, ம, ந, ஆ, ப, அ, ப, உ, ர, ம, புள்ளி. அ இடது சுண்டுவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது, கை நகர வேண்டியதில்லை.